பட்டாதாரர் ஆஜர்

தேவநாதன் அண்ணன் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோது, அவரை ஆறு கொண்டுபோய் ஏழு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது.

தலையாரி சின்னக்கண்ணு அந்தக் காகிதத்தோடு அண்ணன் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றிருக்கிறார். ஆள் இருந்தால் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். இறந்திருந்தால் அப்படி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். தேவநாதன் அண்ணன் இரண்டிலும் சேராதவர். உடல் கிடைக்கவில்லை. காரியமும் நடக்கவில்லை. அவர் மனைவி அம்சா அண்ணியின் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. சின்னக்கண்ணு தவித்துக்கொண்டிருந்தபோது அண்ணியே வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்து, இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாளாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். எங்கள் தெருவில் காகிதம் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். விழுப்புரம் கல்லூரியில் பி.எஸ்.சி. பௌதிகம் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஊரில் இருந்தேன். நான் போனபோது அவள் நோட்டீஸை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எது அவரு பேரு? காட்டு."

காட்டினேன். அந்த எழுத்துகளைத் தொடாமல் அவற்றுக்கு மேலே விரலை ஒருமுறை கொண்டுபோனாள்.

"பாத்தியா தம்பி. ஊரே போயிட்டாருன்னுது. கெவுர்மெண்டு அப்படிச் சொல்லல. இந்தத் தேதிக்கு வான்னு கூப்புட்டு இருக்குது."

நிலம் எடுப்பதற்கான விசாரணை, ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"எதுக்கா இருந்தா இன்னா? கூப்புட்டாங்க இல்ல" என்றாள்.

அவளுக்கு அந்தக் கூப்பிடுதல் ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் நான் நடந்துகொண்ட விதம் சரிதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்சா அண்ணி கெடாரில் பிறந்தவள். பதினேழு வயதில், திருவக்கரைக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தேவநாதன் எனக்குப் பெரியப்பா மகன். குழந்தை இல்லை. வீடு இக்கரையில், நிலம் அக்கரையில். ஒன்றரை ஏக்கர், பாதியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, பாதியில் கேப்பை. அண்ணி வேகமாக நடப்பாள். வாய் அதைவிட வேகம். நான் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த வாரம், மாட்டைத் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். "இன்னா தம்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கு மூணு வருஷம் படிச்சியா? எங்க மாமனாரு ஒரே நாள்ல கத்துக்கினாரே" என்றாள்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதில் அண்ணி ரொம்பக் கெட்டி. ரேஷன் கடையில் கேட்டால் திருவந்திபுரத்துச் சாமி பேரு என்பாள்; அங்கே பெருமாள் பெயர் தேவநாதன். எந்தச் சாமி, பெருமாளா, தாயாரா என்று கடைக்காரர் வேண்டுமென்றே இழுப்பார். "தாயாரு பேர எந்த ஆம்பளைக்குய்யா வெப்பாங்க? எழுது" என்பாள். கடையே சிரிக்கும். அதே பெயரில் தெருவில் ஒரு பையன் இருந்தான். அவனைச் 'சாமி பேருக்காரன்' என்றுதான் சொல்வாள்.

அண்ணனை ஆறு கொண்டுபோனது 1978 கார்த்திகையில். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அண்ணன் ஒற்றை மாட்டைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு இறங்கினார். அண்ணியும், அண்ணனின் தம்பி நடராசனின் மனைவி ஜெயமும் கூடைகளோடு பின்னால் கரையில் நின்றார்கள். அவர் பாதி ஆற்றில் இருந்தபோது மேற்கே வளைவில் ஆறு உயர்ந்து நின்றதாம். சுவர்போல, செம்மண் நிறத்தில். சத்தம் பிறகுதான் வந்ததாம். அவருக்கு இடது பக்கம் பத்தடி தூரத்தில் ஒரு திட்டு இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் ஏறியிருக்கலாம்.

ஜெயம், மாமா மாமா என்று கத்தினாள். அண்ணி, இந்தா, யோவ், இந்தா என்று கத்தினாள். வயல்களில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதேதோ கத்தினார்கள். தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மாட்டை விரட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து மாடு மட்டும் கிழக்கே ஒரு கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டு கிடைத்தது.

ஊர் வழக்கப்படி, உடல் கிடைக்காதவருக்கு வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, தலைக்கு ஒரு தேங்காய் வைத்துக் கொளுத்தி, காரியம் செய்துவிடுவார்கள். நடராசன் வருஷம் தவறாமல் கேட்டுப் பார்த்தார். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை அவர் வைக்கோலைக் கட்டியே கொண்டுவந்துவிட்டார். அண்ணி அதை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டாள்.

ஆறு வற்றிய மாதங்களில் தினமும் உச்சி வெயிலில் அவள் ஆற்றுக்குப் போவாள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் ஆற்றில் இறங்குவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள்கூட உச்சி சாய்ந்த பிறகுதான் இறங்குவார்கள். அண்ணி நடு ஆற்றில், அண்ணன் கடைசியாக நின்ற இடத்தில், கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பாள். தண்ணீர் கலங்கலாக வரும். அது தெளியும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தெளிந்ததும் ஒரு குடம் மொண்டுகொண்டு வந்துவிடுவாள். அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஜெயம் கேட்டிருக்கிறாள். அண்ணி திருவக்கரைக் கல்மரங்களைச் சொன்னாளாம். அங்கே மண்ணுக்குள் கிடந்த முழு மரங்கள், பட்டையும் கணுவும் அப்படியே தெரிய, கல்லாகிக் கிடக்கின்றன. "அந்தாண்ட மரமே மக்கல. இந்த மண்ணுல எதுவும் மக்காது ஜெயம். அப்பிடியே இருக்கும்" என்றாளாம். அன்றைக்கு இரவு தனக்குச் சோறு இறங்கவில்லை என்று ஜெயம் என் அம்மாவிடம் சொன்னாள்.

1985இல் ஆற்றைத் திருப்பும் திட்டம் வந்தது. எங்கள் ஊருக்கு நேர் மேற்கே ஆற்றின் குறுக்கே ஒரு சுவர் கட்டி, வெள்ளத் தண்ணீரை அகலமான கால்வாயில் வடக்கே கொண்டுபோய், அங்கே வரப்போகும் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் கொடுப்பார்கள். வெள்ளையடித்து, சிவப்பில் எண் எழுதிய கற்களை வயல்களில் நட்டுக்கொண்டே போனார்கள். கூட்டத்தில் பேசிய பொறியாளர், இந்த ஆறு வருஷத்தில் பத்து நாள்தான் ஓடுகிறது, அந்தப் பத்து நாள் தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறது, மற்ற நாளில் இது வெறும் மணல் என்றார்.

அந்தப் பத்து நாளில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. ஊருக்கு வேறு கதி கிடையாது. ஏரி தூர்ந்து கிடக்கிறது, மழை ஏமாற்றும். ஒன்பது ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆற்றுப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தார்கள். எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கறுப்புக்கொடி கட்டினோம். திண்டிவனத்தில் சாலையில் உட்கார்ந்தோம். நூற்றுக்கணக்கான கைநாட்டுகளோடு கடலூருக்குக் கலெக்டரிடம் மனு கொண்டுபோனோம். அந்த மனுவை எழுதியவன் நான். அதில் ஒரு வரி எனக்கே பிடித்திருந்தது: 'ஆறு வற்றிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மணலுக்கு அடியில் இருக்கிறது.'

எங்கள் வக்கீல் சவுரிராயன் முகையூர்க்காரர், திண்டிவனத்தில் தொழில் செய்பவர். நோட்டீஸ்கள் வந்த பிறகு அவரிடம் போனேன். வரைபடத்தை மேஜையில் விரித்து ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். கால்வாய் தொடங்கும் வாய் அங்கேதான் வருகிறது. அடியில் பாறை அங்கேதான் இருக்கிறது. மற்ற நிலங்களுக்கு எவ்வளவு ஆட்சேபணை சொன்னாலும் கால்வாயை அப்படி இப்படி வளைத்துக்கொள்வார்கள். வாயை நகர்த்த வேண்டுமென்றால் திட்டத்தையே திரும்ப வரைய வேண்டும்.

"இந்த நெலம் யாருது?"

தேவநாதன் அண்ணனுடையது என்றேன். விவரத்தையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பட்டாதாரர் ஆஜராக வேண்டும். அல்லது அவர் இறந்திருந்தால் வாரிசு ஆஜராக வேண்டும். காணாமல்போய் ஏழு வருஷம் முடிந்துவிட்டதால் இறந்ததாகக் கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்று அந்த அம்மாள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் விசாரணைக்குப் போதும், மற்றதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். வைக்காவிட்டால், பட்டாதாரர் வரவில்லை, ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அன்றே தட்டச்சு செய்து வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருக்கிறது என்று அரசாங்கத்தை நம்பச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத மனிதர் இல்லை என்று அண்ணியை நம்பச் சொல்லப் போகிறேன். இது பஸ்ஸிலேயே எனக்குத் தோன்றியது. தோன்றியும் போனேன்.

வீட்டில் அண்ணி இல்லை. ஜெயம் ஆற்றுப் பக்கம் தாடையால் காட்டினாள். மணி பன்னிரண்டு. செருப்பு மணலில் புதையப் புதைய நடந்தேன். ஆற்றின் நடுவே அண்ணி குந்தியிருந்தாள். அவள் நிழல் அவளுக்கு அடியிலேயே போய் ஒளிந்திருந்தது. காற்று இல்லை. அக்கரைப் பனைகளில் ஒரு ஓலைகூட அசையவில்லை. பட்டப்பகலில், ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, நான் ஒருமுறை திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டேன்.

"குந்து. கலங்கி இருக்குது, தெளியட்டும்" என்றாள்.

முழங்கை ஆழத்துக்குக் குழி. அடியில் ஒரு சாண் தண்ணீர். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். 'என் கணவர் மேற்படி வெள்ளத்தில் இறந்துவிட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்' என்ற இடத்தில் என் குரல் தாழ்ந்தது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கைநாட்டு வெச்சா ஆத்தத் திருப்ப மாட்டாங்களா?"

உடனே திருப்ப முடியாது என்றேன்.

"எழுத்துல செத்துட்டா, தண்ணிக்குத் தெரியுமா தம்பி?"

பத்திரத்தை மடித்தேன். அப்போதுதான் அவள் வெள்ளம் வந்த அன்று கரையில் நடந்ததைச் சொன்னாள். ஏழு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒரு பகுதியை. "பேரு நாக்குல வந்து நின்னுச்சு. இங்க. முழுங்கிட்டேன். பேர வெச்சிக் கூப்புட்டிருந்தா திரும்பி இருப்பாரு. யாருமே அவர பேர வெச்சிக் கூப்புடல. கண்ண மூடினா இன்னிக்கும் அவரு முதுவுதான் தெரியுது."

பிறகு சாதாரணமாக, குடத்தை எடுத்துக்கொடு என்று சொல்வதுபோல, "நீ படிச்ச புள்ள. உனக்குப் பயம் இருக்காது. ஒரு தடவ கூப்புடேன்" என்றாள்.

மறுத்திருக்கலாம். எனக்கு அவள் கைநாட்டு வேண்டியிருந்தது. குழியின் மேல் குனிந்து, தேவநாதண்ணே என்றேன்.

"ஊர்ல எத்தினி அண்ணன் இருக்காங்க. மொட்டையா, பேரு மட்டும்."

"தேவநாதன்" என்றேன்.

தண்ணீர் இறங்கியது. ஒருவர் மிடறு விழுங்குவதுபோல, ஒரே இழுப்பில், ஒரு சாண் தண்ணீரும் மணலுக்குள் போய்விட்டது. ஈர மணலில் என் முகம் இருந்த இடம் மட்டும் பளபளத்தது. நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன். பிறகு தண்ணீர் திரும்ப வந்தது, முன்பு இருந்த அளவுக்கே. கலங்கல் இல்லை. அடியில் ஒவ்வொரு மணலும் தெரிந்தது.

"கேட்டுச்சு" என்றாள் அண்ணி.

பக்கத்தில் எங்காவது மோட்டார் போட்டு இழுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எங்கள் பகுதியிலேயே கரண்டு இல்லை என்று மறுநாள் தெரிந்தது. நான் மூன்று வருஷம் படித்ததில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

அண்ணி ஒரு கணக்குக்கு வந்திருந்தாள். விசாரணையில் டவாலி போட்ட சேவகர் மூன்று தடவை பெயரைக் கூப்பிடுவார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அரசாங்கமே கூப்பிடட்டும். மூன்று தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை என்றால், அங்கேயே, எல்லார் முன்னாலும் கைநாட்டு வைத்துவிடுவாள். அப்புறம் நடராசன் வைக்கோலைக் கட்டிக்கொள்ளலாம். இதுதான் பேச்சு. நான் சரி என்றேன். அவர் வரமாட்டார் என்பதால்தான் அவ்வளவு சுலபமாகச் சரி என்றேன்.

பங்குனி பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் விசாரணை. நிலம் எடுக்கும் தாசில்தார் தெற்கத்திக்காரர். எங்கள் ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது. அவர் மேஜை ஆற்றைப் பார்த்தபடி போட்டிருந்தது. நாங்கள் ஜமக்காளத்தில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதாவது, எங்கள் எல்லாருக்கும் ஆறு முதுகுப் பக்கம். அண்ணி மட்டும் உட்காரவில்லை. புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, ஓரத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நடராசன் என் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "ஜல்தி முடிப்பாங்களா இல்லியாடா? மாட்ட வெயில்ல கட்டிட்டு வந்துட்டேன், பெரிய பேஜாராப் போச்சு." பன்னிரண்டு மணி நெருங்கும்போது அண்ணன் நிலத்தின் சர்வே எண் வந்தது. நான் மைப்பெட்டியின் மூடியைத் திறந்து, பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

சேவகர் வாசல் படியில் நின்று, ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார். "தேவநாதன்."

கூட்டத்தில் பேச்சு நின்றது. ஒரு குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள்.

"தேவநாதன்."

எனக்குப் பக்கத்தில் நடராசனின் மூச்சு கேட்டது. சேவகர் மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுத்தார். அந்த இடைவெளியில் இன்னொரு குரல் கூப்பிட்டது.

"தேவநாதா."

அது கத்தல் இல்லை. ஆற்றின் நடுவில் போகிறவருக்குக் கேட்கும் நீளத்தில் இழுத்துக் கூப்பிட்ட குரல். அண்ணியின் வாயிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஜெயம் தலையில் கைவைத்துக்கொண்டாள். சேவகர் படியிலிருந்து ஒதுங்கி நின்றார்.

எழுதிக்கொண்டிருந்த தாசில்தார் நிமிர்ந்தார். எங்கள் தலைகளுக்கு மேலே பார்த்தார்.

"வந்துட்டாருல்லா. ஏன் வெயில்ல நிக்காரு? உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

யாரும் திரும்பவில்லை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். நூறு பேருக்கு மேல் இருந்தோம், ஒருவர் கழுத்தும் திரும்பவில்லை. நடராசன் ஜமக்காளத்தைப் பிடித்திருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் ஆற்றைப் பார்த்தபடி நின்றிருந்த தலையாரி சின்னக்கண்ணு தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பௌதிகம் படித்த நான் மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்துல தண்ணி கெடக்கா என்ன? வேட்டி முழங்கால் மட்டும் நனைஞ்சிருக்கு" என்று தாசில்தார் குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதக் குனிந்தார். ஆற்றில் தண்ணீர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அவரு உள்ள வர மாட்டாருங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாள் அண்ணி.

"நீங்க யாரு?"

"அவரு பொஞ்சாதிங்க."

"சரி. அவருக்கு என்ன ஆட்சேபணை?"

"ஆத்தத் திருப்பிட்டா அவரு எங்கங்க போவாரு?"

தாசில்தார் தலையசைத்தார். அன்று அவர் கேட்ட பதில்களிலேயே அதுதான் அவருக்குச் சட்டென்று புரிந்தது போலிருந்தது. குமாஸ்தாவுக்குச் சொல்லி எழுத வைத்தார். பட்டாதாரர் ஆஜர். ஆட்சேபணை: வேறு போக்கிடம் இல்லை. சேவகர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து, மேஜையைத் தூக்கிய பிறகுதான் நான் திரும்பினேன். மணலில் கண் கூசியது. யாரும் இல்லை. பாறை பார்க்கத் துளை போட வந்த கூலியாட்கள் யாராவது தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம் நின்றிருக்கலாம் என்று விசாரித்தேன். அவர்கள் அன்று வேலைக்கே வரவில்லை.

சவுரிராயன் அனுமதி வாங்கிக் கோப்பைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். 'ஆஜர்' என்ற சொல்லுக்கு எதிரே தாளின் ஓரம் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. அவர் கட்டைவிரலால் நீவிவிட்டு, டீ சிந்தியிருப்பார்கள் என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். நடந்ததை நான் சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, எனக்குத் தெரிய வேண்டியது தாள்ல இருக்குது. மிச்சத்த என்கிட்ட சொல்லாத."

ஆவணியில் திட்டம் திரும்ப வரையப் போயிற்று. ஒன்பது ஊரும் திருவக்கரைக் கோயிலில் பொங்கல் வைத்தது. நடராசன் வைக்கோலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

பொங்கல் வைத்த மறுநாள் அண்ணி என்னைத் தேடி வந்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே அபூர்வம்.

"அன்னிக்கு நீ பாத்தியா?"

இல்லை என்றேன்.

"நான் பாத்தேன். கூப்புட்டதும் நின்னாரு. மாட்டு முதுவுல கைய வெச்சிக்கினே திரும்பினாரு. என்னப் பாத்தாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போதும் தம்பி. பாவம், நின்னுக்கினே இருக்காரு. அனுப்பிச்சிடலாம். அந்தப் பேப்பர எடு, கைநாட்டு வெக்கிறேன். வைக்கோல நானே கட்டறேன்."

சவுரிராயனிடம் போனேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஆஜரானதாக அரசாங்கமே எழுதி வைத்திருக்கும் ஆளை 1978லேயே செத்துவிட்டார் என்று நாமே எழுதிக் கொடுப்பதா? கால்வாய் வாய் திரும்ப அவள் நிலத்துக்கே வரும், குழுவே பொய்யர்கள் ஆகிவிடும். காரியம் செய்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அதிகாரிக்குத் தெரியும். தாலி கழுத்தில் இருக்கட்டும், ஆற்றுக்காகக் குழு போட்டிருக்கும் வழக்கு முடியும்வரை.

இதையும் அண்ணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு சாவட்டும்னு பேப்பர் எடுத்துக்கினு வந்தே. இன்னிக்கு சாவக்கூடாதுன்னு சொல்லிக்கினு வர்ற. ரெண்டுத்துக்கும் நீதான் வர்ற தம்பி."

ஆனாலும் அவள் விடவில்லை. மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பத்திரத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, தேதி போட வேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னாள். ஆறு நம்முடையது என்று தீர்ப்பு வரும் நாளில் தேதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பொட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இப்போது அவள் உச்சி வேளையில் ஆற்றுக்குப் போவதில்லை. தெருக் குழாயில் எல்லாரோடும் வரிசையில் நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அவள் தெளிந்துவிட்டதுபோல் தெரியும். அண்ணனுடைய சாவு மடித்து என் டிரங்குப் பெட்டியில், என் டிகிரி சர்டிபிகேட்டுக்கு அடியில் இருக்கிறது.

இது 1988. போன வாரம் சின்னக்கண்ணு இன்னொரு நோட்டீஸ் கொண்டுவந்தார். திரும்ப வரைந்திருக்கிறார்கள். வாய் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆனால் அண்ணியின் நிலத்தை விட்டு நகரவில்லை. போன தடவை ஆஜரான பட்டாதாரர் இந்தத் தடவையும் ஆஜராக வேண்டும். தாசில்தார் மாறிவிட்டார். அண்ணி இந்தமுறை காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

சவுரிராயன் அவளைத் தயார் செய்யச் சொன்னார். போய்க் கேட்டேன். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்புட மாட்டேன். வந்துட்டுப் போனவர எத்தினி தடவ வர வெக்கிறது?" என்றாள். இரண்டு மூன்று காய் உரித்த பிறகு, முகத்தை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஆறு வேணும்னா நீ கூப்புடு. மொட்டையா கூப்புட உனக்குத் தெரியும்."

விசாரணை பங்குனி பதினெட்டு. அதே பள்ளிக்கூடம், அதே தாழ்வாரம். மேஜையை அதே இடத்தில்தான் போடுவார்கள். நிழல் அங்கேதான் விழும். சேவகர் முதல் தடவை கூப்பிடுவார், இரண்டாவது தடவை கூப்பிடுவார். அதுவரை எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்றுதான் தெரியவில்லை.